பூட்டிய வீட்டுப் பூனைகள்

திறப்பு எங்கள் கைக்கு வந்தது 2024ஆம் ஆண்டு யூலை மாதக் கடைசியில். வீட்டுக்கார அண்ணரும் அக்காவும் பிள்ளைகள் இருவரும் ஐந்து கிழமைக்கு யாழ்ப்பாணம் போகிறார்கள். நல்லூர்த் திருவிழா, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், பிறகு பிள்ளைகளுக்குக் கடற்கரை. அண்ணர் எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தவர். பிறிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நாங்கள் அவருடைய வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் மூன்று பேர்.

“தம்பியவை, வேறை ஒண்டும் இல்லை. இந்தச் சீவனுக்கு ரெண்டு நேரம் சாப்பாடு, தண்ணி. அவ்வளவுதான்” என்றார் அண்ணர். அந்தச் சீவனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஒஸ்கார். எங்களுக்குப் பூசு. குசினியில் எழுபது உணவுப் பக்கற்றுகள் எண்ணி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு, முப்பத்தைந்து நாள். மகள் ஆங்கிலத்தில் ஏழு கட்டளைகள் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள்.

எங்களில் இரண்டு பேர் ரெஸ்ரோரண்டில் வேலை. ஒருவர் தந்தூரி அடுப்பில், மற்றவர் கோப்பை கழுவுமிடத்தில். மூன்றாமவரின் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. அவருக்கு வேலைசெய்ய அனுமதி இல்லை. ஆகவே பூனைக்குப் பிரதான பொறுப்பாளர் அவரே. வேலை இருக்கிற எங்கள் இருவரிடமும் அகதிகளுக்கான பயணப் பத்திரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உலகத்தின் பல நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. எங்களில் ஒருவரின் தகப்பன் இறந்தபோது செத்தவீட்டை ரெலிபோன் திரையில்தான் பார்த்தோம். போகமுடிந்தவர்கள் போகிறார்கள், போகமுடியாத நாங்கள் அவர்களுடைய பூனைக்குச் சாப்பாடு வைக்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலைமை இதுதான்.

முதல் நாள் இரவே எங்களுக்குள் ஒரு பயம் கிளம்பியது. இந்தப் பூனைக்கு ஏதும் நடந்தால்? கேஸ் முடியாத நண்பர்தான் முதலில் கேட்டார்: “உது செத்துக்கித்துப் போனால் பொலிஸ் வருமோ? கேஸிலை எழுதுவாங்களோ?” சிரித்தோம். ஆனால் அடுத்தநாள் வேலைக்குப் போகுமுன் பகுதி நூலகத்துக்குப் போய்த் தேடினோம். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்து, மூன்றாம் வருடம் தொடங்குமுன் நாட்டைவிட்டு வந்தவர். பட்டம் கிடைக்கவில்லை, பழக்கம் மட்டும் மிஞ்சியது. சட்டத்தைத் தேடப்போய் வரலாற்றில் விழுந்தோம். அந்த ஐந்து கிழமையும் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், ரெஸ்ரோரண்ட் பூட்டியிருக்கும் இடைவேளைகளில் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

முதலில் சட்டம். பூனையை விட்டுவிட்டுப் போவது குற்றம் என்று இங்கிலாந்து சொல்வதற்கு 1960வரை காலம் எடுத்தது. மிருகங்களைக் கைவிடுதல் பற்றிய அந்த ஆண்டுச் சட்டம், நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ, தக்க காரணமின்றி, துன்பம் நேரக்கூடிய விதத்தில் ஒரு மிருகத்தை விட்டுச்செல்வதைக் குற்றமாக்கியது. ‘தற்காலிகமாகவோ’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். விடுமுறைக்குப் போகிற வீட்டுக்காரரை மனதில் வைத்துத்தான் அது எழுதப்பட்டது என்று எங்களுக்குப் படுகிறது. பின்னர் 2006ஆம் ஆண்டு மிருகநலச் சட்டம் ஒரு படி மேலே போனது. மிருகத்துக்குப் பொறுப்பானவர் அதன் தேவைகளைக் கவனிக்கவேண்டும், தகுந்த உணவு அதில் ஒன்று. பொறுப்பானவர் யார்? சொந்தக்காரர் மாத்திரமல்ல, தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரும்தான். அதாவது திறப்பை வாங்கியவர். அதாவது நாங்கள்.

நண்பருக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “இந்த நாட்டிலை எனக்குக் கிடைச்ச முதல் சட்டபூர்வமான வேலை இதுதான்” என்றார்.

*

சட்டம் வருவதற்கு முன் லண்டன் பூனைகள் எப்படிச் சாப்பிட்டன? இதற்கு விடை தேடினால் ஒரு தொழிலாளியைச் சந்திக்கவேண்டி வருகிறது. அவர் பூனை இறைச்சிக்காரர். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். பூனையின் இறைச்சியல்ல, பூனைக்கு இறைச்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் குதிரைகளின் மேல் ஓடிய நகரம். வண்டி இழுத்து இழுத்துத் தேய்ந்த குதிரைகள் கடைசியில் கொல்களத்துக்குப் போயின. அங்கே அவித்த குதிரை இறைச்சியை மொத்தமாக வாங்கித் தள்ளுவண்டியிலோ கூடையிலோ வைத்துத் தெருத்தெருவாக விற்றவர்கள் இவர்கள். சிறு துண்டுகளாக வெட்டி, மெல்லிய மரக்குச்சியில் குத்தி, அரைப் பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் கொடுப்பார்கள். எங்கள் ரெஸ்ரோரண்டில் குச்சியில் குத்திப் போகும் இறைச்சியை நினைத்துக்கொண்டோம். தொழில்நுட்பம் ஒன்றுதான், வாடிக்கையாளர்தான் வேறு.

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் தெருத்தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பேசி, 1851இல் அவர்களைப்பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அவருடைய கணக்கின்படி அன்றைய லண்டனில் சுமார் மூன்று இலட்சம் பூனைகள். அவற்றுக்கும் நாய்களுக்கும் இறைச்சி சுமந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று இருந்தது. இந்தத் தெரு இவருக்கு, அந்தத் தெரு அவருக்கு. நேரம் தவறாமல் போவார்கள். அவர்களுடைய குரல் கேட்டதும் பூனைகள் படலைக்கு வந்து நிற்கும்.

எங்கள் விடயத்துக்கு முக்கியமானது இதுதான்: வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இறைச்சிக் குச்சியைக் கதவுத் துவாரத்தால் உள்ளே தள்ளிவிட்டோ கதவில் செருகிவிட்டோ போவார்கள். காசு பிறகு. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கலாம், ஊருக்குப் போயிருக்கலாம், பூனையின் உணவு வந்துசேரும். எந்த வீட்டில் எத்தனை பூனை, எந்த வீட்டில் ஆள் இல்லை, எந்தப் பூனை இரண்டு நாளாய்க் காணவில்லை என்பதெல்லாம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். இப்படி ஒரு தெருவையே தலைக்குள் வைத்திருந்த ஒருவரை ‘நாற்றம் பிடித்த வேலை செய்பவன்’ என்றே அந்தச் சமூகம் பார்த்தது.

ஆனால் ஒருமுறை அவர்களுக்கும் விருந்து நடந்தது. 1901 ஜனவரியில் ஹோல்போர்ன் பகுதியில் உள்ள ஒரு ரெஸ்ரோரண்டில் சுமார் 250 பூனை இறைச்சிக்காரர்களை அழைத்து இருத்திச் சாப்பாடு போட்டார்கள். பூனைகளை மனிதர்போல வரைந்து புகழ்பெற்ற ஓவியர் லூயிஸ் வெய்ன் அந்த நிகழ்ச்சியில் முன்னின்றார். வருடம் முழுவதும் பிறருடைய வாயில்லாச் சீவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களுக்கு ஒருநாள் மேசை விரித்து, கோப்பை வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். இதை வாசித்த அன்று நாங்கள் இரவு பதினொன்றரை மணிக்கு, குசினிப் பின்கதவுப் படியில் நின்றபடி மிஞ்சிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

*

இறைச்சிக்காரருக்குக் காசு கொடுக்க வீட்டில் ஒருவரும் இல்லாமல் போனால்? அதுவும் நடந்தது, வருடாவருடம். புகையிரதம் வந்தபிறகு லண்டனின் வசதியான குடும்பங்கள் கோடையில் வீட்டைப் பூட்டிக் கடற்கரைக்குப் போகத் தொடங்கின. தளபாடங்களுக்கு வெள்ளைத்துணி போர்த்தினார்கள். வேலைக்காரரை அனுப்பினார்கள் அல்லது கூட்டிச்சென்றார்கள். பூனையை வெளியே விட்டார்கள். பூனைதானே, எலி பிடித்துச் சீவிக்கும் என்ற நினைப்பு. கோடை முடியும்போது நல்ல தெருக்களின் படிகளில் எலும்பும் தோலுமாகப் பூனைகள் இருந்தன. நூற்றாண்டின் கடைசியில் பத்திரிகைகளுக்கு இதைப்பற்றிக் கடிதங்கள் எழுதப்பட்டன. கவனிக்கவேண்டியது, பட்டினி கிடந்தவை ஏழைத் தெருப் பூனைகள் மாத்திரமல்ல, பணக்காரத் தெருப் பூனைகளும்தான். ஏழைகளுக்கு விடுமுறை இல்லை. அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

பற்றர்ஸீ நாய்கள் இல்லம் 1883இல் பூனைகளையும் ஏற்கத் தொடங்கியது. 1896இல் கம்டன் ரவுனில், காணாமற்போன, பட்டினி கிடக்கும் பூனைகளுக்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. பெண்கள் கூடைகளோடு தெருவில் இறங்கி அவற்றைச் சேர்த்தார்கள். அங்கே கொண்டுபோன பெரும்பாலான பூனைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வலியில்லாமல் கொல்லப்பட்டன. அவற்றுக்கு இடமும் இல்லை, கேட்டு வர ஆளும் இல்லை. பசியிலிருந்து காப்பாற்றுவதென்றால் சாவைக் கொடுப்பது என்று ஓர் இரக்கம் அப்போதே உருவாகிவிட்டது. அது பின்னர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருவோம்.

*

அதற்குமுன் அரசாங்கப் பூனைகள். அலுவலகம் என்பது மாலையில் எல்லா எசமானரும் வீட்டுக்குப் போய்விடும் வீடு. அங்கே இரவில் இருப்பவை எலிகளும் கடதாசியும்தான். 1868இல் லண்டன் தபால் திணைக்களத்தின் மணியோடர் கந்தோரில் எலிகள் கடதாசியைத் தின்றன. மூன்று பூனைகள் வைத்திருக்க அனுமதி கேட்டார்கள். கேட்ட படி கிழமைக்கு இரண்டு ஷில்லிங். கிடைத்தது ஒரு ஷில்லிங். மிச்சத்துக்குப் பூனைகள் எலியை நம்பவேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் படியில் இன்னும் வெட்டு விழும் என்று மேலதிகாரி எழுதினார். எலிகள் குறைந்தன. 1873இல் படி ஒன்றரை ஷில்லிங் ஆனது.

பிறகு 1929 யூன் மாதம். இம்முறை இடம் உள்நாட்டு அமைச்சு, நாங்கள் எல்லோரும் ஹோம் ஒஃபிஸ் என்று நடுங்கிச் சொல்லும் அதே இடம். திறமையான ஒரு அலுவலகப் பூனையைப் பராமரிப்பதற்காகச் சில்லறைச் செலவிலிருந்து நாளொன்றுக்கு ஒரு பென்னி செலவிடலாம் என்று திறைசேரி எழுத்தில் அனுமதி கொடுத்தது. பூனையின் பெயர் பீற்றர். கறுப்புப் பூனை. பீற்றருக்குப் பிறகு அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். 1964இல் மான் தீவிலிருந்து வாலில்லாத ஒரு பெண் பூனையும் வந்தது. இவர்களைப்பற்றிய கடிதங்கள் ஒரு கோப்பாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாப்பாடு, படி, மரணம், பதிலாள் நியமனம் எல்லாம் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கிறது.

ஹோம் ஒஃபிஸில் எங்களுக்கும் கோப்பு இருக்கிறது. அங்கேயும் சாப்பாட்டுக் கணக்கு உண்டு. 2000 ஏப்ரலில் அகதி விண்ணப்பகாரருக்குக் காசுக்குப் பதில் கூப்பன் கொடுக்கும் முறை வந்தது. 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்குக் கிழமைக்கு 36 பவுண் 54 பென்ஸ், அதில் 10 பவுண் மட்டும் காசாக மாற்றலாம். கடையில் கூப்பன் கொடுத்தால் மிச்சச் சில்லறை தரமாட்டார்கள். 2002இல் அந்தக் கூப்பன் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், ஆறு மாதம் காத்திருந்தவர்கள் வேலை செய்யலாம் என்ற சலுகையும் நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த கணக்கின்படி தானே சமைத்துச் சாப்பிடுகிற ஒருவருக்குக் கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ். எங்கள் நண்பர் வாங்கியது அதுதான்.

பூனையோடு மனிதரை ஒப்பிடுகிறார்கள் என்று சில வாசகர்கள் கோபிக்கலாம். ஒப்பிடுவது நாங்களல்ல. கணக்கு எழுதுகிற மனம் ஒன்றுதான் என்று காட்டுகிறோம். எவ்வளவு கொடுத்தால் சாகாது, எவ்வளவுக்குமேல் கொடுத்தால் சோம்பேறியாகும் என்பதே 1868இன் கேள்வி. ஒரேயொரு வித்தியாசம் உண்டு. மிச்சத்துக்கு எலி பிடிக்கலாம் என்று பூனைக்கு அனுமதி இருந்தது. நண்பருக்கு அதுவும் இல்லை.

*

இனி 1939. இதைப் படித்தபிறகு சில நாட்கள் எங்களுக்கு மற்ற எதையும் படிக்க மனம் வரவில்லை.

போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விமானத் தாக்குதல் வேளையில் மிருகங்களை என்ன செய்வது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப்பட்டது. அதை அமைத்ததும் ஹோம் ஒஃபிஸ்தான். அந்தக் குழு ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. சாராம்சம் இது: முடிந்தால் வளர்ப்பு மிருகங்களை முன்கூட்டியே நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், அயலவரிடம் ஒப்படைக்க முடியாவிட்டால் அவற்றை அழித்துவிடுவதே பெரிய இரக்கம். அதே பிரசுரத்தில் மிருகத்தை வலியின்றிக் கொல்லும் துப்பாக்கிக்கு ஒரு விளம்பரமும் இருந்தது.

செப்ரெம்பர் 1ஆம் திகதியிலிருந்து மூன்று நாட்களில் சுமார் 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மிருகங்களைக் கொண்டுபோக முடியாது. 3ஆம் திகதி போர் பிரகடனம். அந்தக் கிழமை லண்டனில் மிருக வைத்தியசாலைகளுக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். கையில் கூடை, கயிறு. வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் 2017இல் வெளியிட்ட தமது நூலில், சுமார் நான்கு இலட்சம் பூனைகளும் நாய்களும் அந்தச் சில நாட்களில் லண்டனில் கொல்லப்பட்டன என்று கணக்கிடுகிறார். லண்டனின் பூனை, நாய்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

கவனியுங்கள். அப்போது லண்டனில் ஒரு குண்டும் விழவில்லை. பெரும் குண்டுவீச்சு தொடங்கியது மறுவருடம் 1940 செப்ரெம்பர் 7. உணவுப் பங்கீடுகூட 1940 ஜனவரியில்தான் வந்தது. கொல்லுங்கள் என்று அரசாங்கம் கட்டளையிடவும் இல்லை. மக்கள் தாங்களாகவே, தங்கள் கையாலேயே, வளர்த்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எதிரி செய்ததல்ல, பயம் செய்தது. பூனைகளை ஊர் சிரிக்க வரைந்த லூயிஸ் வெய்ன் அந்த யூலையில்தான் இறந்திருந்தார். இதைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனால் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. பற்றர்ஸீ இல்லம் பயப்படவேண்டாம் என்று சொன்னது. ஹமில்ற்றன் கோமகள் லண்டனிலிருந்து நூற்றுக்கணக்கான மிருகங்களைத் தமது நாட்டுப்புற வீட்டுக்குக் கொண்டுபோனார். பின்னர் அதே குழு, பிரசுரம் போட்ட குழு, வேறு வேலை தொடங்கியது. தெருவுக்குத் தெரு தொண்டர்களைப் பதிந்தது. பூனை, நாய்களின் கழுத்துக்கு இலக்கத் தகடு கொடுத்தது. குண்டுவீச்சு நாட்களில் வீடு இடிந்தும் பூனைகள் அதே இடிபாட்டுக்குத் திரும்பிவந்தன. அவற்றுக்கு யாரோ ஒருவர் தினம் வந்து சாப்பாடு வைத்தார். 1940இல் மனிதர் உண்ணக்கூடிய உணவை வீணாக்குவது குற்றம் என்று உத்தரவு வந்தபிறகும் தங்கள் பங்கிலிருந்து கிள்ளி வைத்தவர்கள் இருந்தார்கள்.

எங்களை உறுத்தியது பிரசுரத்தின் அந்த ஒரு நிபந்தனைதான். ‘அயலவரிடம் ஒப்படைக்க முடியாவிட்டால்.’ நான்கு இலட்சம் சீவன்களுக்கும் சாவுக்கும் நடுவில் நின்றது ஓர் அயலவர். கேட்டிருந்தால் எத்தனை பேர் ஓம் என்றிருப்பார்கள்? எத்தனை பேர் கேட்காமலே போனார்கள்?

*

அந்தக் கோடையில்தான் இங்கிலாந்தில் கலவரம் நடந்தது. யூலை 29 சவுத்போர்ட்டில் சிறுமிகள் மூவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அகதி என்று பொய் பரவியது. ஓகஸ்ட் 4 ரொதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹொட்டேலுக்குத் தீவைக்க முயன்றார்கள். ஓகஸ்ட் 7 புதன்கிழமை, நாடெங்கும் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் சுற்றியது. எங்கள் முதலாளி மத்தியானமே கடையைப் பூட்டி எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். நண்பர் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டில் இருந்தார். பூனையைக் காணவில்லை. இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்றார். வெளியே போய்க் கூப்பிடலாம் என்றால், தெருவில் நின்று தமிழில் சத்தம் போட அன்று எங்களுக்குத் துணிவில்லை.

ஆறு மணிபோல் கதவு தட்டப்பட்டது. ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் தட்டப்பட்டது, மெதுவாக. மாடி யன்னலால் பார்த்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி. தொண்ணூறைத் தாண்டியவர். ஒரு கையில் பொல்லு, மறுகையில் பூசு.

திறந்தோம். அவர் முதலில் பூனையைப்பற்றிப் பேசவில்லை. நீங்கள் மூவரும் சுகமா, சாப்பிட்டீர்களா, சாமான் ஏதும் வேண்டுமென்றால் என்னுடைய பேத்தி வாங்கிவருவாள், இன்று வெளியே போகவேண்டாம் என்றார். அதற்குப்பிறகுதான் பூனை. அது அவரிடமும் தினமும் சாப்பிடுகிறதாம். வருடக்கணக்காக. அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் பில்லி.

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தோம். நாங்கள் என்ன படிக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். கோப்பையை மேசையில் வைத்தார். 1939இல் அவருக்கு ஆறு வயது. ஊருக்கு அனுப்பப்பட்ட காலையில் பூனையைப் பக்கத்து வீட்டில் விடுவதாகத் தாய் சொன்னாராம். பல வருடம் கழித்து, தாய் சாகக் கிடக்கும்போதுதான் உண்மை சொன்னாராம். பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. அவர்களோடு ஒரு சிறிய கோபம், மதில்பற்றி ஏதோ. கேட்கக் கூச்சப்பட்டுக் கூடையோடு வரிசைக்குப் போய்விட்டார். “கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பார்கள்” என்றார் கிழவி. “அந்த வீட்டிலும் ஒரு பூனை இருந்தது.”

அன்றிரவு நாங்கள் பயந்தது நடக்கவில்லை. வோல்த்தம்ஸ்ரோவில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி இனவாதிகளுக்கு எதிராக நின்றதை ரெலிபோனில் பார்த்தோம். நண்பர் திரைச்சீலையைத் திறந்தார்.

*

எங்கள் பூனையைப்பற்றியும் எழுதாமல் முடிக்கமுடியாது. எங்களில் இரண்டு பேர் வலிகாமத்துப் பிள்ளைகள். 1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி கட்டி எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னபோது ஏழு, எட்டு வயது. அன்றிரவும் அடுத்த நாட்களும் மழைக்குள் நான்கு இலட்சம் பேருக்குமேல் தென்மராட்சிப் பக்கம் போனார்கள். நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும்.

அம்மம்மா குசினியில் இருந்து வெளிக்கிடவில்லை. பானையில் இருந்த சோறு முழுவதையும், சூடை மீன் குழம்போடு குழைத்து, பூனையின் சிரட்டையில் போட்டா. அது கொள்ளவில்லை. மண்சட்டி ஒன்றை எடுத்து அதிலும் போட்டா. குசினி யன்னலைத் திறந்துவிட்டா. “கொண்டுபோவம் அம்மம்மா” என்று அழுதோம். “நாய் ஆளோடை வரும், பூனை வீட்டோடைதான் மேனை” என்றா. பிறகு வழக்கம்போல் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைக் கூப்பிட வாயெடுத்தா. நிறுத்திவிட்டா. பக்கத்து வீட்டாரும் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்து வீடும். ஒழுங்கை முழுவதும். ஊரில் ஒருவர் பயணம் போனால் ஒருவர் பார்ப்பார். ஊரே போனால் யாரிடம் திறப்பைக் கொடுப்பது?

1996 வசந்தத்தில் திரும்பிப் போனோம். மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. பூனை இல்லை. எந்தப் பூனையும் இல்லை. அம்மம்மா சாகும்வரை அந்த யன்னல் கட்டில் ஒரு பிடி சோறு வைத்துக்கொண்டிருந்தா. காகம் தின்றது.

இத்தனை வருடத்துக்குப் பிறகு, வேறொருவருடைய குசினியில், வேறொருவருடைய பூனைக்குப் பக்கற்றைக் கிழித்துக்கொண்டு நிற்கும்போது அந்த யன்னலை நினைத்தோம். அம்மம்மா அன்று செய்யாததை யாரும் செய்திருக்கமுடியாது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். கேட்க ஓர் அயல் இல்லை. 1939இல் லண்டனில் அயல் இருந்தது, கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

*

ஓகஸ்ட் முடிய அண்ணர் குடும்பம் வந்தது. பனங்கட்டி, புழுக்கொடியல், எங்களுக்கு ஆளுக்கொரு சாரம். பூனை ஒரு நாள் முழுக்க அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அண்ணர் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னடாப்பா, கொழுத்தெல்லோ போச்சு” என்றார்.

கணக்குக் கொடுத்தோம். எழுபது பக்கற்றில் ஒன்பது மிச்சம். ஏன் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் கிழவியைப்பற்றிச் சொன்னோம். அண்ணரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “இருபது வருசத்துக்கு மேலை பக்கத்திலை இருக்கிறம். அந்த மனிசியின்ரை வீட்டுக்குள்ளை ஒருநாளும் போகேல்லை” என்றா அக்கா. அன்று பின்னேரம் ஒன்பது பக்கற்றையும் கொஞ்சப் பனங்கட்டியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள்.

திறப்பைத் திருப்பிக் கொடுத்தோம். அண்ணர் வாங்கவில்லை. “உங்களிட்டையே கிடக்கட்டும்” என்றார். அது இப்போது நண்பருடைய கேஸ் கடிதங்கள் தொங்கும் அதே ஆணியில் தொங்குகிறது.